பாடகர் வீட்டு அழைப்பு மணி

இந்த வருடமும் அந்த மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சிவப்புக் கம்பளிச் சட்டை, படிய வாரிய தலைமயிர், முதுகுக்குப் பின்னால் எரிகிற கணப்பு அடுப்பு. என் மகள்தான் எங்கிருந்தோ தேடிப் பிடித்து, சுவரில் தொங்கும் பெரிய திரையில் போட்டிருந்தாள். பழைய அமெரிக்கப் பாடகர்களின் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், நிகழ்ச்சிகளாம். அவளுடைய தோழிகள் எல்லோரும் இப்போது இவற்றைத்தான் பார்க்கிறார்களாம். “அம்மா, வந்து பாருங்கள், எவ்வளவு ஹுகலி” என்று டேனிஷில் கூப்பிட்டாள். கதகதப்பு, மெழுகுதிரி, சோபா, நெருங்கிய மனிதர்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். இந்த நாட்டுக்காரர் அந்தச் சொல்லை வைத்தே ஒரு குளிர்காலத்தைக் கடத்திவிடுவார்கள்.

நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். திரைக்குள் அழைப்பு மணி அடித்தது. பாடகர் புருவத்தை உயர்த்தி, யாராக இருக்கும் என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். ஐம்பதைத் தாண்டியவள், முதியோர் இல்லத்தில் வேலை செய்து எத்தனையோ சாவைக் கிட்ட நின்று பார்த்தவள், ஒரு மணிச் சத்தத்துக்குப் பயந்து உள்ளே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

மகளிடம் காரணத்தைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். அந்தக் காலத்தில் டென்மார்க்கின் ஹேர்னிங்கிலும் ஹொல்ஸ்டெப்ரோவிலும் ரண்டர்ஸிலும் தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கிய குழந்தைகள் நீங்கள். இன்றைக்கு முழங்கால் நோவுக்கு மாத்திரை போடுகிற குழந்தைகள். செங்கல் அளவு வீடியோ கசெற்றுகளும், சிவப்புப் பொத்தான் வைத்த ரேடியோவும், சுவரிலிருந்து வயர் வந்த தொலைபேசியும் உங்களுக்கு மறந்திருக்காது. நான் சொல்லப் போவதில் பாதி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. ஹேர்னிங்கில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் நடு மாடியில் இருந்தோம். அப்பாவுக்குத் துணி ஆலையில் வேலை. அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடு தங்கி, மொழி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மா பிள்ளைத்தாச்சி. அதற்கு முந்தைய வருடம் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் கூட என்றும், ஓய்வு வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் அதைத் தங்கள் பாட்டில் வளர்த்தெடுத்து, அம்மா குனியக் கூடாது, தும்மக் கூடாது என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மாவுக்கு இந்தக் கவனிப்பு எரிச்சலாக இருந்தது.

சின்ன மாமா அம்மாவின் ஒரே தம்பி. மன்னாரில் கடல் தொழில். தாய் நேரத்தோடு போய்விட்டதால் அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தார். அம்மாவின் பேச்சில் பாதிக்கு மேல் சின்ன மாமாதான். தம்பி வந்தால் இந்த அறை, தம்பி வந்தால் அந்தச் சைக்கிள், தம்பி வந்தால் இந்தக் குளிருக்கு என்ன சட்டை என்று, வராத மனிதருக்கு அம்மா வீட்டில் இடம் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். என் அலுமாரியில் ஒரு தட்டை அவருக்காகக் காலியாக வைத்திருக்க வேண்டியிருந்ததில் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

கீழ்வீட்டில் ஒரு டேனிஷ் மாமி இருந்தார். தனிக்கட்டை. சிகரெட்டும் கோப்பியும்தான் அவருடைய சாப்பாடு. அம்மாவை மருத்துவிச்சியிடம் தன்னுடைய சின்னக் காரில் கூட்டிப் போவதும் கூட்டி வருவதும் அவர்தான். அந்தக் கசெற்றைத் தந்தவரும் அவரே. தான் பதிவு செய்து வைத்திருந்த பழைய நத்தார் நிகழ்ச்சிகள் என்று சொல்லி, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று கொடுத்தார்.

அம்மாவுக்கு ஆங்கிலமும் தெரியாது, டேனிஷும் அரைகுறை. பாட்டை அவர் பெரிதாகக் கவனிக்கவும் இல்லை. அவருக்குப் பிடித்துப் போனது அந்த வீடு. பாடகர் கணப்பு அடுப்புக்கு முன்னால் நின்று ஒரு பாட்டுப் பாடுவார். மணி அடிக்கும். கதவைத் திறந்தால் தோளில் பனி அப்பிய யாரோ ஒருவர். “அடடே, நீயா!” என்று கட்டிப்பிடிப்பார். வந்தவர் கோட்டைக் கழற்றி ஒரு பாட்டுப் பாடுவார். மறுபடி மணி அடிக்கும்.

“பார் பிள்ளை, இந்த மனிசன்ரை வீட்டுக்கு எத்தினை சனம் வருகுது” என்பார் அம்மா. “ஒருத்தரும் முதலே ஃபோன் எடுத்துக் கேட்டிட்டு வரேல்லை. நத்தார் எண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும். இஞ்சை மணி அடிச்சால் ஒண்டில் தபால்காரன், இல்லாட்டிக் கீழ்வீட்டு மனிசி.”

அது அந்தப் பாடகரின் சொந்த வீடு என்றும், வந்தவர்கள் தற்செயலாக வந்தவர்கள் என்றும் அம்மா நம்பினார். நானும் நம்பினேன். நம்பியவரையில் நன்றாகத்தான் இருந்தது.

நத்தாருக்கு முந்தைய நாலு வாரங்களான அட்வெந்து தொடங்கிய வாரம். ஜன்னல்களில் மெழுகுதிரிகளும் கடதாசி இதயங்களும் வந்துவிட்டன. பள்ளி விட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா மருத்துவிச்சியிடம் போயிருந்தார். அப்பா பின்னேர வேலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. ஜெர்மனியில் இருந்த உறவினர் ஒருவர். அப்பா சுவரைப் பார்த்தபடி ஓம், ஓம் என்றார். பிறகு, “உடம்பு கிடைச்சதோ?” என்றார். பிறகு, “அடக்கம் முடிஞ்சுதோ?” என்றார்.

தொலைபேசி வாங்கியை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் நான் நிற்பதைக் கண்டார். சின்னப் பிள்ளையிடம் ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

“பிள்ளை, சின்ன மாமா போட்டார். தொழிலுக்குப் போன வள்ளத்திலை துவக்குச் சூடு பட்டிட்டுது.”

எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவின் முகம்தான் பயத்தைத் தந்தது.

“அம்மாவுக்குச் சொல்லக் கூடாது. வயித்திலை பிள்ளை. கேட்ட உடனை அம்மாவுக்கும் ஏதும் நடந்திடும். பிள்ளை பிறந்தாப் பிறகு நானே சொல்லுவன். விளங்கிச்சோ?”

அந்த நேரம் கீழே மாமியின் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்பா பாய்ந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டு, அந்தக் கசெற்றைத் தள்ளி, சத்தத்தைக் கூட்டிவிட்டார். பிறகு குனிந்து தொலைபேசி வயரைச் சுவரிலிருந்து கழற்றினார். அம்மா மூச்சு வாங்க மாடிப்படி ஏறி உள்ளே வந்தபோது பாடகர் பல் முழுவதும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். “ஃபோன் பழுதாப் போச்சு” என்றார் அப்பா.

நம்முடைய ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செத்த வீட்டில் ரேடியோ பாடாது, தொலைக்காட்சி ஓடாது. அப்பா இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். தொலைக்காட்சி ஓடுகிறவரை இது செத்த வீடு இல்லை. அன்றிலிருந்து அது காலையில் தொடங்கினால் நாங்கள் படுக்கப் போகும்வரை ஓடியது. மின்சாரம் வீண் என்று எந்நேரமும் முணுமுணுக்கிற மனிதர், வேலைக்குப் போக முன்னர் தானே அதைப் போட்டுவிட்டுப் போனார். கசெற் முடிந்தால் சித்தப்பா எழும்பிப் போய்ப் பின்னுக்குச் சுற்றிவிட்டு மறுபடி போடுவார். சித்தப்பாவும் சின்ன மாமாவும் ஊரில் ஒரே வகுப்புக்காரர்கள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார், கண் ஓரிடத்தில் நிற்காது.

இதற்குள் கீழ்வீட்டு மாமி, தான் என்ன செய்கிறோம் என்று அறியாமல், என் நிம்மதியையும் கெடுத்துவிட்டார். ஒருநாள் அவர் எங்கள் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருக்கையில், இந்தப் பாடகரின் வீடு எந்த ஊரில் என்று டேனிஷில் கேட்டேன். மாமி சிரித்துச் சிரித்து இருமினார். அது வீடே இல்லை, பலகையில் அடித்த சோடனை. பனி சோப்புத் தூள். அடுப்புக்குள் எரிவது மின்குமிழ். எல்லாம் நீ பிறக்க எத்தனையோ வருடங்களுக்கு முன் எடுத்தது. பிறகு சிகரெட் பிடித்த விரலால் திரையைக் காட்டத் தொடங்கினார். இவர் செத்துவிட்டார். அந்தப் பெண்ணும் செத்துவிட்டாள், பாவம், குடி. இந்தப் பொடியன் காரில் போய் அடிபட்டவன். வயலின் வாசிக்கிறவர்? அவரும் இருக்க மாட்டார்.

அம்மா, “என்னவாம்?” என்று கேட்டார். “நல்லாப் பாடுவினமாம்” என்றேன்.

அதன் பிறகு அந்த வீட்டில் மணி அடிக்கிறபோதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது. செத்தவர்கள் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்துப் பாடுகிற வீடு அது என்று என் மனதில் பதிந்துவிட்டது. அப்படியென்றால் சின்ன மாமா வருவதற்கும் அதே வாசல்தான். அடுத்த தடவை கதவு திறக்கும்போது இடுப்புச் சாரத்திலிருந்து கடல் தண்ணீர் வடிய அவர் நிற்பார், பாடகர் “அடடே, நீயா!” என்பார், அம்மா கண்டுவிடுவார். நான் மணிக்கு முந்தியே கண்ணை மூடிக்கொள்ளப் பழகினேன். கண்ணை மூடினால் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது.

பிறகு எங்கள் வீட்டு மணியும் அடிக்கத் தொடங்கியது. செய்தி நம் ஆட்களுக்குள் பரவியிருந்தது. இழவு கேட்டால் போகாமல் இருக்க முடியாது. போனால் அழவும் முடியாது. அப்பா எல்லோரையும் வாசலிலேயே மறித்து, காதுக்குள் கெஞ்சி உள்ளே விட்டார். வந்தவர்கள் சோபா நுனியில் இருந்து, கையைக் கோத்துக்கொண்டு, பாடகரைப் பார்த்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம்.

“பாத்தியளே, முந்தி ஒரு குருவி எட்டிப் பாக்காது. இப்ப நாளுக்கு நாள் சனம்!” என்று அப்பாவிடம் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அம்மா சிரிக்கச் சிரிக்க நத்தார் கேக் வெட்டினார். செத்த வீட்டில் கைநனைக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அதை எப்படித் தின்பார்கள்? தட்டைக் கையில் வைத்திருந்துவிட்டு மேசையில் வைத்தார்கள். போகும்போது ‘போட்டு வாறம்’ என்று சொல்லாமல் எழும்பி நடந்தார்கள். செத்த வீட்டிலிருந்து அப்படித்தான் போக வேண்டும் என்று அவர்களுடைய கால் பழகியிருந்தது. வாய் பொய் சொல்லப் பழகினாலும் கால் பழகவில்லை.

“என்ன இது, கேக்கையும் தொடேல்லை, சொல்லாமலும் போகினம்” என்று அம்மா குறைப்பட்டார். “டென்மார்க்குக்கு வந்து எங்கடை சனத்துக்கும் குளிர் பிடிச்சுப்போச்சு.” அப்பா ஓம் என்றார். அம்மா கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்திலேயே செத்துவிடுவார் என்று அப்பா சொன்னதை நான் முழுதாக நம்பியிருந்தேன். அம்மா ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் வயிற்றைத்தான் பார்த்தேன்.

தொலைபேசி பழுது என்கிற பொய் ஒரு குட்டி போட்டது. நத்தாருக்குத் தம்பியோடு கதைக்க முடியாது என்றதும் அம்மா, “அப்ப கசெற்றிலை பேசி அனுப்புவம்” என்றார். அது அந்தக் காலத்து வழக்கம். எல்லோரும் சுற்றியிருந்து ரேடியோவில் பேசிப் பதிந்து தபாலில் அனுப்புவோம். ஆனால் அம்மாவுக்கு இந்த முறை பெரிய யோசனை. பாடகரின் நிகழ்ச்சி மாதிரியே செய்ய வேண்டும். அம்மாதான் வீட்டுக்காரி. மணி அடிக்க அடிக்க ஒவ்வொருவராக உள்ளே வந்து, தம்பியோடு இரண்டு வார்த்தை கதைத்து, ஒரு பாட்டுப் பாட வேண்டும். “நத்தாருக்குப் போய்ச் சேராது. தையிலை மூவிராசாக்கள் திருநாளுக்காவது கேக்கட்டும் என்ரை பிள்ளை.”

அப்பா தடுத்துப் பார்த்தார். களைப்பு வரும் என்றார், பிறகு பார்க்கலாம் என்றார். “அவனுக்கு நான் இதுகூடச் செய்யக் கூடாதோ?” என்று அம்மாவின் கண் கலங்கியது. இரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று பயந்து அப்பா சம்மதித்தார்.

நத்தாருக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்த பின்னேரம். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து அப்பாவின் ஊர்க்கார அங்கிளும் அன்ரியும் வந்திருந்தார்கள். சித்தப்பா, அப்பா, கீழ்வீட்டு மாமி. மாமிக்கு மட்டும் எதுவும் தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேசையில் ரேடியோ. மூலையில் தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த அப்பா விடவில்லை. என்னுடைய வேலை, பாடகர்களோடு வெளியே மாடிப்படியில் நின்று, உரிய நேரத்தில் மணியை அமத்துவது.

அம்மா சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது.

“வணக்கம் தம்பி! இது டென்மார்க்கிலை இருந்து அக்கான்ரை நத்தார் நிகழ்ச்சி. வெளியிலை பனி கொட்டுது. உள்ளுக்கை அடுப்பு எரியுது.” வெளியே மழை. உள்ளே அடுப்பில்லை, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்தான். “இஞ்சை, ஆரோ மணி அடிக்கப் போகினம் போலை கிடக்கு!”

மாடிப்படியில் யார் வீட்டிலோ சிவப்பு முட்டைக்கோவா அவிகிற வாசனை. பின்னேரம் நாலு மணிக்கே இருட்டு. அங்கிருந்த விளக்கு தெரியும்தானே, பொத்தானை அமத்தினால் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். முதலில் சித்தப்பாவின் முறை. அவர் படியில் இருந்து, முழங்காலுக்குள் தலையைக் கொடுத்து, முதுகு குலுங்க அழுதார். சத்தமே வரவில்லை. “சித்தப்பா, மணி அடிக்கட்டோ?” என்றேன். “பொறு பிள்ளை.” விளக்கு அணைந்தது. இருட்டுக்குள் மூக்கைச் சிந்துகிற சத்தம். பிறகு, “இப்ப அடி.” நான் அடித்தேன். கதவு திறந்த வெளிச்சத்தில் அவர் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு உள்ளே போவதைக் கண்டேன். திரையில் பார்த்த அதே சிரிப்பு.

ஹொல்ஸ்டெப்ரோ அன்ரி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு நின்றார். உள்ளே போக முன்னர் சிலுவை போட்டு, “ஆண்டவரே, இந்தப் பாவத்தைப் பொறுத்துக்கொள்ளும்” என்றார். அங்கிள் சுவரில் நெற்றியை முட்டினார். ஒவ்வொருவராக அழுதார்கள், துடைத்தார்கள், நான் மணி அடித்தேன், அவர்கள் உள்ளே போய்ச் செத்தவருக்கு நத்தார் வாழ்த்துச் சொன்னார்கள். அம்மா ஒவ்வொரு தடவையும், “அடடே, ஆரிது!” என்று கைதட்டினார்.

மாமி மட்டும் அழவில்லை. சிகரெட்டைப் படியில் நசுக்கிவிட்டு, உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்துக்கொண்டு போனார். அவர் டேனிஷில் பேச, நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். “நீங்கள் எப்ப வாறியள்? என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா கிடக்கு. நீங்கள் மீன்காரனாமே, எங்கடை ஊறுகாய் மீனைத் திண்டு பாத்திட்டு நல்லதோ கெட்டதோ எண்டு சொல்லவேணும். கெதியா வாங்கோ.” அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியாக அப்பா. படியில் அவர் அழவில்லை. என் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார், கை கனத்தது. உள்ளே போய், “மச்சான், உம்மடை அக்காவை நான் வடிவாப் பாத்துக்கொள்ளுவன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நிம்மதியா இரும்” என்றார். “என்ன, பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர் மாதிரி நிக்கிறியள்!” என்று அம்மா கேலி பண்ணிவிட்டு, தானே பாலன் இயேசுவுக்கு ஒரு தாலாட்டுப் பாடி நிகழ்ச்சியை முடித்தார். சின்ன வயதில் தம்பியை நித்திரையாக்கிய பாட்டு அது.

பிறகு கசெற்றைச் சுற்றிப் போட்டுக் கேட்டோம். எல்லோரும் எழும்பிப் போக வழி பார்த்தார்கள், அம்மா விடவில்லை. தன் குரலைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார். சித்தப்பாவின் குரல் வந்தது. ஆண்டவர் உம்மோடை இருப்பார். அன்ரியின் குரல். உம்மை நாங்கள் மறக்கமாட்டம். அங்கிளின் குரல். கர்த்தர் சமாதானம் தருவார். அம்மாவின் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. மாமியின் இருமலும், எப்ப வாறியள் என்ற என் குரலும் வந்தன.

“பாருங்கோவன்” என்றார் அம்மா, இன்னும் பாதிச் சிரிப்போடு. “ஒரு வெள்ளைக்கார மனிசிக்குக் கேக்கத் தெரிஞ்சிருக்கு. நீங்கள் ஒருத்தரும் அவனிட்டை ஒண்டுமே கேக்கேல்லையே?”

நீங்கள் பேசி அனுப்பிய கசெற்றுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் கேள்வியைத் தவிர வேறு என்ன இருந்தது? சுகமோ, மழையோ, மீன் படுகுதோ, சாப்பிடுறியோ, எப்ப வாறாய், பதில் போடு. அன்று அந்தக் கசெற்றில் மாமியைத் தவிர ஒருவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. பதில் வராத இடத்தில் கேட்க அவர்களுக்கு நா எழவில்லை.

அம்மா சிவப்புப் பொத்தானை மறுபடி அழுத்தினார். ரேடியோவைத் தூக்கி அப்பாவின் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

“கேளுங்கோ.”

“என்னத்தையப்பா?”

“எப்ப வாறாய் எண்டு என்ரை தம்பியிட்டைக் கேளுங்கோ.”

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. அம்மா ரேடியோவைச் சித்தப்பாவிடம் கொண்டுபோனார். “நீர் கேளும்.” சித்தப்பா நிலத்தைப் பார்த்தார். அன்ரியிடம் கொண்டுபோனார். அன்ரி முகத்தைப் பொத்திக்கொண்டார். என்னிடம் வரவில்லை. பிள்ளையிடம் போனால் எல்லாம் முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும், இன்னும் கொஞ்ச நேரம் தம்பியை உயிரோடு வைத்திருக்கப் பார்த்திருப்பார். ரேடியோவை மெதுவாக மேசையில் வைத்தார்.

“எப்ப?” என்று கேட்டார். இது வேறு எப்ப.

“அட்வெந்து தொடங்கேக்கை” என்றார் அப்பா.

“ஃபோன் பழுதெண்டது?”

“நான்தான் கழட்டினனான்.”

“இவ்வளவு சனமும் வந்தது?”

அப்பா தலையைக் குனிந்தார். அன்ரி, “ஐயோ என்ரை அம்மா” என்று இத்தனை நாள் அடக்கியதெல்லாம் வெடிக்க ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அம்மா அவரை விலக்கினார். நேரே போய்த் தொலைக்காட்சியை நிறுத்தினார். பாடகர் சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகி மறைந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் மழைச் சத்தம் கேட்டது.

“அவன் அங்கை மண்ணுக்குள்ளை” என்றார் அம்மா, அப்பாவைப் பார்த்து. குரல் உயரவே இல்லை. “நான் இஞ்சை கேக் வெட்டிச் சிரிச்சு, பாட்டுப் படிச்சு, கைதட்டி. என்ரை பிள்ளைக்கு என்னை அழ விடாமல், எல்லாரும் சுத்தியிருந்து நான் ஆடுறதைப் பாத்தியள்.”

மாமி என் சட்டையை இழுத்து, என்ன நடந்தது என்று கேட்டார். அம்மாவின் தம்பி செத்துவிட்டார் என்றேன். அந்த வாக்கியத்தை நான் முதன்முதலாகச் சொன்னது டேனிஷில். அம்மா நிலத்தில் இருந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். இப்போது சாவார், இப்போது சாவார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மா சாகவில்லை. தை மாதம் என் தம்பி கொழுகொழுவென்று, ஆஸ்பத்திரி அதிரக் கத்திக்கொண்டு பிறந்தான். அப்பா பயந்தது எதுவும் நடக்கவில்லை. நடந்தது வேறு. அதன் பிறகு அப்பா சொன்ன நல்ல செய்தி எதையும் அம்மா நம்பவில்லை. அப்பா சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், “என்னத்தை ஒளிக்கிறியள்?” என்பார். தொலைபேசி அடித்தால் வாழ்நாள் முழுவதும் அவருடைய முதல் கேள்வி, “ஆர் செத்தது?” ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டு, முப்பது வருடங்களுக்கு மேல் அப்படி வாழ்ந்தார்கள்.

அப்பா கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவருக்கு என் மகளின் வயதைவிடச் சில வயதுதான் கூட. பாஷை தெரியாத நாட்டில், ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, மனைவியையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த பொடியன். அன்பினால்தான் செய்தார். எனக்கு இன்றும் பயம் தருவது அதுதான். நீங்களும் இப்போது, அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ பிரஷர், அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ இதயம் என்று, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்கு ஃபோன் எடுக்கிறீர்கள். நானும் ஓம் என்கிறேன்.

நாங்களும் செய்தோம். சில வருடங்களுக்கு முன் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அதுவும் ஒரு மார்கழி. சோதனை முடிவுகளை டொக்டர் கட்டிலருகே நின்று டேனிஷில் விளக்கினார். டொக்டர்மாரின் டேனிஷ் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை, என் தம்பிதான் மொழிபெயர்த்தவன். “இன்னும் பாக்கினமாம் அப்பா, கொஞ்சம் பொறுக்கட்டாம்” என்று மொழிபெயர்த்தான். அந்தத் தை மாதம் கத்திக்கொண்டு பிறந்த அதே பிள்ளை. நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நத்தார் முடியட்டும் என்று இருவரும் வெளியே வந்து தாழ்வாரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா பஸ்ஸில் வந்து இறங்கி, ஈரக் கோட்டோடு எங்களை நோக்கி நடந்து வந்தார்.

எங்கள் முகத்தைப் பார்த்தார். “சொல்லு” என்றார் தம்பியிடம். தம்பி என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

அம்மா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேரே உள்ளே போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். அப்பாவின் கட்டிலில் இருந்து, அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார்.

“இஞ்சாருங்கோ. உங்கடை வருத்தம் மாறாதாம். டொக்டர் சொல்லிப்போட்டார். தை மாசம் தாண்டுறது கஷ்டமாம்.”

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். அப்பா கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார். அவருடைய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அம்மா அதைத் துடைக்கவில்லை, அழ விட்டுக்கொண்டு இருந்தார்.

அப்பா கேட்டார். “உமக்கு எப்பத் தெரியும்?”

“இப்பத்தான்” என்றார் அம்மா. “தெரிஞ்ச உடனை வந்தனான்.”